இன்னாசியின் தொட்டி

நாள் 388. காலை 06:40

தொட்டி ஒன்று: நீர் 21 டிகிரி, அமிலத்தன்மை 6.2. தொட்டி இரண்டு: நீர் 21 டிகிரி, அமிலத்தன்மை 6.4. காற்றுப் பம்புகள் ஓடுகின்றன. பசலை ஒரு கூடை பறித்தேன். தக்காளியில் இலைச் சுருட்டல் இல்லை. அம்மோனியா சோதனைத் தாள் மஞ்சள். மஞ்சள் என்றால் நீரில் நஞ்சு இல்லை.

இதை யார் திறந்து படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் பெயர் மரகதவல்லி. ஊர் காங்கேயம், வயது நாற்பத்தாறு, படித்தது தாவர ஊட்டவியல். செவ்வாயின் இந்த நிலையத்தில் நான் மட்டும் இருக்கிறேன். வடக்கே தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, பனிப்பாறையைத் துளையிடும் முகாமில் இன்னாசி இருக்கிறான். தூத்துக்குடிக்காரன். துளைப்பொறி ஓட்டுபவன். என்னைவிட இளையவன், என்னை அக்கா என்பான். இந்தக் கோளில் ஆட்கள் என்றால் நாங்கள் இருவர்தான்.

நாள் 390. மாலை 17:15

சரக்குக் கலம் இறங்கும்போது தரையில் மோதி உடைந்ததைத் தலைமையகம் பதிவு செய்திருக்கும். அதில் எங்கள் உணவில் பாதி இருந்தது. செடிகளுக்கான உப்புகள் முழுவதும் இருந்தன. அந்த உப்புகளை நீரில் கரைத்தால் வேர் அப்படியே குடித்துக்கொள்ளும். இனி அவை கிடையாது.

மிச்சம் இருந்தது மீன் தீவனம். எங்களுக்கு முன்பு வந்த குழு மீன் வளர்க்கப் பார்த்தது. மீன்கள் செத்தன, தீவன மூட்டைகள் தங்கிவிட்டன. எண்ணெய் காறிப்போன தூள். பசிக்கு ஆகுமா என்று இருவரும் தனித்தனியே ருசி பார்த்து, இருவரும் வாந்தி எடுத்தோம்.

அந்தத் தூளைத் துணிப்பையில் கட்டி, வாளி நீரில் தொங்கவிட்டு, காற்று ஊதி ஊறவைக்கிறேன். வடிகட்டித் தொட்டிக்குத் தினம் ஒரு குவளை. ஊரில் மொட்டைமாடித் தோட்டத்துக்கு மீன் அமிலம் ஊற்றுவது போலத்தான். ஆனால் அவர்களுக்கு மண் இருக்கிறது. அழுகலை வேர் குடிக்கும்படி மாற்றித் தருவது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள். என்னிடம் இருப்பது மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி, மூடியில் ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு வலைக்கிண்ணம், கிண்ணம் நிறையச் சுட்ட களிமண் உருண்டைகள். அவ்வளவே. ஆரம்பத்தில் தொட்டிகள் நாறின. நுரை பொங்கியது. வேர்கள் பழுத்து வழுக்கின. தாள் கரும்பச்சையிலேயே நின்றது.

ஆய்வுக்கென்று ஒரு குழாயில் கொண்டுவந்திருந்த பாக்டீரியாவை ஊற்றினேன். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் தொட்டிக் கூடத்தின் கதவைத் திறந்தபோது நாற்றம் இல்லை. எதுவோ குறைகிறதே என்று கொஞ்ச நேரம் விளங்காமல் நின்றேன். தாள் மஞ்சளாகியிருந்தது. உருண்டைகளைத் தொட்டால் விரலில் ஒரு வழவழப்பு. அவை உருண்டைகள்மேல் குடியேறிவிட்டன. இந்தக் கோளில் மூன்றாவதாக நிலைத்த உயிர் அதுதான் என்று அன்று எனக்குப் பட்டது.

நாள் 391. மாலை 18:20

இன்னாசியின் செடி உப்பும் தீர்ந்துவிட்டது. அவனிடமும் தீவன மூட்டைகள் உண்டு. செய்முறையைச் சொல்லியிருந்தேன். இன்றைய வானொலி:

"அக்கா, நீங்க சொன்ன கஷாயத்த ஊத்துனேன். ஏ யம்மா, என்ன நாத்தம்! கருவாட்டுக் குடோன் பக்கத்துல பொறந்து வளந்தவன் நான். எனக்கே கொமட்டுது."

"நுரை வருதா?"

"நுரையா? சோடா பாட்டில் தோத்துரும்."

"வேரைத் தூக்கிப் பாரு. என்ன நெறம்?"

"வெள்ளைல இருந்து டீ கலருக்கு வந்திட்டு. கெழங்குக் கொடி தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கி. எங்க மாமியாரு வீட்டுக்கு வந்தா நான் நிக்க மாரி."

சிரித்தேன். அவனும் சிரித்தான். அவனுடைய உலர் உணவு இரண்டு மாதத்துக்கு வரும். மீட்புக் கலம் வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல். நடுவில் இருக்கும் காலம் முழுவதும் அவன் உயிர் அந்தச் சர்க்கரைவள்ளிக் கொடிகளில் இருக்கிறது.

நாள் 392. காலை 08:00

அவனுக்கு வேண்டியது என் உருண்டைகள். முகாமில் அந்தப் பாக்டீரியா தானாக வர வழியில்லை. செவ்வாயின் பனியில் பூமியின் கிருமி கலந்துவிடக் கூடாது என்று அந்த இடத்தைத் துடைத்துத் துடைத்தே கட்டினார்கள். அவனால் இங்கே வர முடியாது. ஆள் ஏறும் ஊர்தி ஒன்றே ஒன்றுதான், அது அவனிடம் அச்சு முறிந்து கிடக்கிறது. என்னிடம் ஆளில்லா வண்டி இருக்கிறது. வெயிலில் ஓடும். பதினைந்து கிலோ சுமக்கும்.

தலைமையகத்திடம் அனுமதி கேட்டேன். பதில்: "துளையிடும் முகாம் கிருமியற்ற பகுதி. உயிருள்ள பொருள் எதுவும் அங்கே செல்லக் கூடாது. தங்கள் கோரிக்கை குழுவின் பரிசீலனையில் உள்ளது. அதுவரை காத்திருக்கவும்."

காத்திருக்கிறேன்.

நாள் 399. காலை 09:30

இன்னும் பரிசீலனை. தெற்கு அடிவானம் மங்கல்.

நாள் 401. காலை 07:05

ஒரே செய்தியில் இரண்டும் வந்தன. முதல் பத்தி: அனுமதி. இரண்டாம் பத்தி: பெரும் புழுதிப்புயல் எச்சரிக்கை.

வண்டியின் பெட்டியில் முதலில் கிழங்கு மாவுப் பொட்டலங்களை வைத்திருந்தேன். உருண்டைகளை அவற்றின் நீரோடு அனுப்பினால்தான் பிழைக்கும். நீர் கனம். மாவை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மாவு அவனுக்குச் சில வாரம் சோறு. உருண்டைகள் தொட்டியை எழுப்பினால் கலம் வரும்வரை சோறு. கணக்கு எளிதுதான். ஆனாலும் கடைசிப் பொட்டலத்தை எடுக்கும்போது கை தயங்கியது.

பெட்டிச் சூடேற்றியைப் போட்டேன். வண்டி 08:10க்குக் கிளம்பியது.

நாள் 402. காலை 10:45

வானொலியில் அவனிடம் சொன்னவை: தொட்டியில் குடிநீர் ஊற்றாதே, குடிநீரில் கிருமி வளராமல் இருக்க வெள்ளி கரைத்திருக்கிறது. துளைக்குழாயில் உருகிவரும் பனிநீரை மட்டும் ஊற்று. நீரை இருபது டிகிரிக்குக் கீழே விடாதே. கஷாயத்தை நிறுத்து. தாள் மஞ்சளானபின் அரைக் குவளையில் தொடங்கு. பம்பை நிறுத்தாதே.

எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னான்.

"பரிச்சைக்கு அனுப்புத மாரில்லா இருக்கு. பாஸாயிருவேன்கா, கவலப்படாதிய."

வானம் செங்கல் நிறமாகிவிட்டது. வண்டி இன்று மாலை சேர வேண்டும்.

நாள் 403. காலை 09:15

வண்டி சேர்ந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டான். வண்டியைப் புயல் முழுதாக மூடுவதற்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மிச்சமிருக்கும் மின்சாரத்தில் எவ்வளவு தூரம் வருமோ வரட்டும்.

வானொலியில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"கல்லெல்லாம் பத்திரமா வந்து சேந்துட்டுக்கா. ஒண்ணு ஒடையல."

"தொட்டியில போட்டுட்டயா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. காங்கேயத்துக்காரவுக இவ்வளவு அழுக்கா? வெலாங்கு மீனு கணக்கா வழவழன்னு இருந்திச்சு. அப்படியே போட மனசு வருமா? உப்பு போட்டுத் தேச்சு, குழாய்த் தண்ணில மூணு அலசு அலசிட்டேன். இப்பம் நீங்க பாக்கணுமே, பல்லு மாரி மின்னுது! மெட்டில்டா சொல்லுவா, நீங்க கழுவுத கழுவுல மீனு பயந்து கடலுக்கே திரும்பிப் போயிரும்னு."

மெட்டில்டா அவன் மனைவி.

"அக்கா? லைன்ல இருக்கியளா?"

"இருக்கறேன். நல்லது கண்ணு."

நாள் 403. காலை 11:00

இரண்டு மணி நேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் குடிநீர். உப்பு, தேய்ப்பு, வெள்ளி. மூன்று முறை.

எல்லாம் சொன்னேன். கழுவாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவன் வீட்டிலும் என் வீட்டிலும் கழுவுவது ஒரு வேலையே அல்ல. வேலை தொடங்கும் முன் கை தானாகச் செய்வது. அரிசி, பருப்பு, கீரை, மீன். "அப்படியே போடு" என்று யாராவது சொன்னால்கூட நாங்கள் கழுவிவிட்டுத்தான் அப்படியே போடுவோம்.

உருண்டைகளுக்குள் நுண்துளைகள் உண்டு. உள்ளே பாக்டீரியா கொஞ்சம் பிழைத்திருக்கலாம்.

நாள் 406. மாலை 16:30

வண்டி வந்தது, கடைசிக் கிலோமீட்டரைத் தவழ்ந்து. வெயில் இல்லை. சூரியன் இருக்கும் இடம் தெரிகிறது, அவ்வளவுதான். இனி அதற்கு மின்னேற்ற முடியாது. நிலையத்தின் அணு மின்கலம் விளக்குக்கும் பம்புக்கும் எனக்கும் போதும், வண்டிக்கு மிஞ்சாது. வண்டியை இங்கிருந்து மின்னேற்ற இணைப்பே வைக்கவில்லை. மூன்று முறை கம்பி இழுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்தது. நான்காவது முறை பம்புகளும் நின்றன. விட்டுவிட்டேன்.

இன்னாசியின் முகாம் முழுக்க வெயிலை நம்பியது. சேமிப்பு மின்கலங்களில் ஓடுகிறது.

நாள் 409. மாலை 18:00

தினம் ஒருமுறை, சில நிமிடம் மட்டும் பேசுகிறோம். அவன் தாளின் நிறம் சொல்வான்.

"இன்னைக்குப் பச்சை."

"என்ன பச்சை?"

"முருங்கக்கீரப் பச்சை."

"நேத்து?"

"நேத்து வேப்பல. கொறஞ்சிருக்கில்லா?"

"கொஞ்சம்."

குறையவில்லை. பாதி நீரை மாற்றச் சொல்லியிருந்தேன், அதனால் வந்த நிறம்.

நாள் 414. மாலை 18:05

"பாகக்காய்க்கா. இப்பிடியே போனா தாளப் பாத்தே சமையல் கத்துக்கிடுவேன்."

நீரை மாற்றினால் நஞ்சு குறைகிறது; கூடவே செடிக்கான கொஞ்சநஞ்ச உணவும் போகிறது. மாற்றாவிட்டால் வேர் அழுகுகிறது. சூடு கொடுத்தால் பிழைத்திருக்கும் பாக்டீரியா பெருகலாம். சூட்டுக்கு மின்சாரம் இல்லை. தொட்டி நீர் பதினான்கு டிகிரி. எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் அவிழ்கிறது. நான் பாடம் நடத்திய அத்தனை வருடமும் மாணவர்களிடம் கேட்ட கேள்விதான் இது. பிழைக்கவைக்க என்ன செய்வீர்கள்? ஒரு பக்க அளவில் விடை எழுதுவார்கள். மதிப்பெண் போடுவேன்.

நாள் 420. காலை 07:30

என் தக்காளி காய்த்துத் தள்ளுகிறது. பறித்ததைத் தின்று தீர்க்க முடியவில்லை. மிஞ்சிப் பழுத்தவற்றை வாளியில் போட்டு மறுபடி கரைசலாக்குகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பசிக்கிறது. தின்கிறேன்.

நாள் 427. மாலை 18:10

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு கண்ணு."

"அந்தக் கல்லக் கழுவியிருக்கக் கூடாதோ?"

புழுதியில் வானொலி இரைந்தது. இரைச்சல் இருந்தது நல்லது.

"அதனால இல்ல. குளுரு. குளுருனா அதுக மெதுவாத்தான் வேலை செய்யும்."

"நெசமாவா?"

"பின்ன? நானென்ன உனக்குப் பொய்யா சொல்றேன்?"

"அப்பம் சரி. என்னமோ நெனச்சு ரெண்டு நாளா ஒறங்கல. ஆசையா அனுப்பிவிட்டத நாசம் பண்ணிட்டமோன்னு."

"வெளங்காதவனே, அதையெல்லாம் நெனைக்காம தூங்கு போ."

"சரிங்க மேடம்," என்று பள்ளிப் பிள்ளை மாதிரி சொன்னான்.

இதைப் படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் குறிப்புகளை மெட்டில்டாவிடம் கொடுப்பதாக இருந்தால், நாள் 403-ஐயும் இந்த நாளையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். உருண்டைகள் வழியில் குளிரில் செத்தன என்று சொல்லுங்கள். அப்படியும் ஆகியிருக்கக்கூடியதுதான்.

நாள் 441. மாலை 18:15

குரல் மெலிந்துவிட்டது. உலர் உணவை அரை வயிற்றுக்கு வைத்துக்கொண்டிருக்கிறான், நான் சொல்லித்தான். கொடிகளில் நான்கு மிச்சம் என்றான். போன வாரம் ஒன்பது.

இன்று நிறம் கேட்கவில்லை. மெட்டில்டா எப்படி மீன் குழம்பு வைப்பாள் என்று கேட்டேன். மாங்காய் எப்போது சேர்ப்பது என்பதிலேயே நேரம் முடிந்துவிட்டது. "புளிய கரைச்சு ஊத்தி, அது ஒரு கொதி" என்றதோடு இணைப்பு அறுந்தது.

நாள் 452. மாலை 18:10

"அக்கா! மஞ்சள்!"

எழுந்து நின்றுவிட்டேன்.

"என்ன மஞ்சள்? சரியாப் பாரு."

"எலுமிச்சம்பழ மஞ்சள்க்கா. பொய்யா சொல்லுதேன்? நாத்தமும் போயிட்டு. வேரு வெள்ளையா வருது."

"இன்னாசி!"

"உங்க கல்லு வேல செஞ்சிட்டு. மெதுவாத்தான் செய்யும்னு சொன்னியள்ளா? அதான்."

நான் என்னென்னவோ கத்தினேன். அவன் சிரித்தான். சிரிப்பின் நடுவே இருமினான்.

நாள் 452. மாலை 18:55

அரைக் குவளைக் கரைசல் ஊற்றினால் அவன் தொட்டிக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்று கணக்கிட, முகாமிலிருந்து இங்கே தானாக வந்துசேரும் மின்சார அளவீடுகளைத் திறந்தேன். நெடுநாளாகத் திறக்கவில்லை. திறக்கத் துணியவில்லை என்பதே சரி.

தொட்டிப் பம்பு: பூச்சியம். தொட்டி விளக்கு: பூச்சியம். ஒன்றரை வாரமாக.

அவன் அறைச் சூடேற்றியும் வானொலியும் மட்டும் ஓடுகின்றன. சூடேற்றி மிகக் குறைந்த நிலையில்.

நாள் 453. மாலை 18:10

"கெழங்கு ஒண்ணு தோண்டி வேகவச்சேன்கா."

"எப்புடி இருந்துச்சு?"

"இனிப்பு கொஞ்சம் கம்மி. ஆனா வெந்த வாசன இருக்கே, ஆகா."

"தோலோட தின்னயா?"

"உரிச்சிட்டேன்."

"தோலோட தின்னோணும் கண்ணு. அதுலதான் சத்து."

"சரிக்கா. நாளைக்குத் தோலோட திங்குதேன்."

"பெருசா பாத்துத் தோண்டு."

"பெருசாத்தான் இருக்கு. கையளவுக்கு."

எவ்வளவு பெரிது என்று விரிவாகச் சொன்னான். கேட்டுக்கொண்டேன்.

நாள் 458. மாலை 18:10

வரவில்லை.

நாள் 459. மாலை 18:10

வரவில்லை. வானொலிக்கு மின்சாரம் போயிருக்கும். சூடேற்றிக்காக அதை நிறுத்தியிருப்பான். நானாயிருந்தால் அப்படித்தான் செய்வேன்.

அளவீடுகளும் வரவில்லை.

நாள் 466. காலை 10:20

சூரியனுக்கு விளிம்பு தெரிகிறது.

நாள் 471. காலை 09:00

வண்டியின் மின்கலம் பாதி ஏறிவிட்டது. முழுதும் ஏறக் காத்திருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. காத்திருந்தது போதும்.

பெட்டியில் வேகவைத்த கிழங்கு. பசலை. தக்காளியைக் கூழாக்கிப் பையில் அடைத்தேன். வெறும் வயிற்றுக்குத் திடமாகக் கொடுக்கக் கூடாது. உருண்டைகளும் கொஞ்சம் வைத்தேன். பிறகு எடுத்தேன். அந்த இடத்தில் இன்னும் கிழங்கு.

நாள் 472. பிற்பகல் 14:40

வண்டியின் கேமராவில் முகாம் தெரிகிறது. சூரியத் தகடுகள் முழுக்கப் புழுதி. ஒரு தகட்டில் மட்டும் துடைத்த தடம், கை எட்டும் உயரம் வரை. அதன்மேலும் மெல்லிய புழுதி படிந்துவிட்டது.

நாள் 472. பிற்பகல் 15:10

வண்டி வாசலில் நிற்கிறது. கதவின் வட்டக் கண்ணாடியில் உள்பக்கம் உறைபனி. விளக்கு தெரியவில்லை. வண்டியின் முன்விளக்கைக் கண்ணாடிமேல் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக் காட்டுகிறேன்.

நாள் 472. மாலை 16:00

திறக்கவில்லை.

மிச்சமிருக்கும் மின்சாரம் வண்டி திரும்பி வரப் போதும். அல்லது பெட்டியைக் காலைவரை சூடாக வைத்திருக்கப் போதும். இரண்டுக்கும் போதாது. இந்தக் கோளில் இப்போது ஓடும் ஒரே வண்டி.

பெட்டிச் சூடேற்றியைப் போட்டுவிட்டேன்.

நாள் 472. மாலை 17:30

திறக்கவில்லை. முன்விளக்கை அணைத்தேன். அதுவும் பெட்டிக்கே போகட்டும். இப்போது கேமராவில் எதுவும் தெரியவில்லை. ஒலிவாங்கியில் காற்று மட்டும்.

நிலைய வானொலியின் முழுச் சக்தியில் அனுப்புகிறேன். அவன் பக்கம் கேட்க முடிகிறதோ என்னவோ. கேட்கலாம். பதில் சொல்லத்தான் மின்சாரம் வேண்டும், கேட்க அவ்வளவு வேண்டாம்.

நாள் 472. மாலை 18:10

"இன்னாசி, அக்கா பேசறேன். சோறு வந்துருக்குது. அவசரமில்ல. கதவ மெதுவாத் தொற சாமி, வண்டி ஒட்டி நிக்குது."